பன்னிரண்டாம் விசில்

சாரோன் குடியிருப்பில் ஒரு வீட்டுக் குக்கர் ஒரு தடவை விசில் அடித்துவிட்டால், மற்றப் பதினோரு வீட்டுக் குக்கர்களும் அடித்து முடிக்கிற வரைக்கும் அது மறுபடி அடிக்காது என்கிற ஏற்பாடு, ஏழாம் நம்பர் ஆர்தர் தன் நோட்டில் பன்னிரண்டாவது சுரத்தை எழுதி அடியில் கோடு போட்ட ஆவணி மாத வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கியது. அதில் ஆச்சரியப்பட எனக்கு நேரமில்லை. என் வீட்டுக்காரர் எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அரிசிக்கு மூன்று விசில் வேண்டும், ஒன்றோடு நின்றுபோன குக்கர் அடுப்பில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. காஸ்கட்டைத் திட்டினேன், வெயிட்டைக் கரண்டியால் தட்டினேன், அடுப்பைக் கூட்டினேன், குறைத்தேன். அது வெடிக்கவுமில்லை, அடிக்கவுமில்லை. பொறுமை போய் மாடிப்படியில் எட்டிப் பார்த்தால், மூன்று மாடியிலும் கையில் கரண்டியோடு பெண்கள் நின்று அவரவர் காஸ்கட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் குக்கர் ரிப்பேர் பார்க்கிறவர் அன்று ஒரே நாளில் எங்கள் கட்டடத்துக்கு மட்டும் ஒன்பது காஸ்கட் விற்றார். எதற்கும் பலனில்லை. பானையில் வடித்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். எங்களுக்கும் அந்த அறிவு இருந்தது. பானையில் போட்ட அரிசியும் தன் வீட்டு முறை வரும்வரை கல்லாகவே கிடந்து, முறை வந்ததும் பூவாக மலர்ந்தது. மூன்று நாள் ஓட்டல் இட்லி தின்று நாக்கு செத்த பிறகு, வரிசை என்ன என்பதை உட்கார்ந்து கவனித்தோம். முதலில் நாலாம் நம்பர் மைமூன் வீடு, பிறகு ஒன்பது, பிறகு இரண்டு, இப்படி முன்னும் பின்னுமாகக் குதித்துப் போய், பதினோராவதாகப் பதினோராம் நம்பர், அதாவது நான். சங்கச் செயலாளர் கோமதிநாயகம் சார் குடியிருப்பது ஒன்றாம் நம்பரில். அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஆறாவது இடம். கட்டடத்தின் முதல் பத்திரம் பதிந்தவர், கொடி ஏற்றுகிறவர், வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர், அவருடைய பருப்பு இரண்டாம் நம்பரில் குடியிருக்கிற வாடகைக்காரன் பருப்புக்குப் பிறகுதான் வேகும் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

"வரிசைன்னா ஒண்ணுலருந்து வரணும்லா? இது என்ன வரிசை, குருடன் பல்லாங்குழி ஆடின மாதிரி?" என்று படியில் நின்று கேட்டார்.

எனக்கோ வேறு சந்தேகம். என் காது கான்வென்டில் அடிவாங்கி வளர்ந்த காது. சிஸ்டர் பெனடிக்டா என்னைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, பின்னால் பியானோவில் ஒரு கட்டையை அழுத்தி, அது எது என்று கேட்பார். தப்பாகச் சொன்னால் மர ஸ்கேல் விரல் முட்டியில் விழும். அந்தக் காதோடு நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் விசில்களை எழுதினேன். பன்னிரண்டு விசில், பன்னிரண்டும் வேறு வேறு சுரம். ஏழு வெள்ளைக் கட்டை, ஐந்து கறுப்புக் கட்டை, ஒன்று விடவில்லை, ஒன்று திரும்ப வரவில்லை. இந்தக் கட்டடத்தில் பியானோக் கட்டையைத் தொட்டவர்கள் இரண்டே பேர். நான் இதைச் செய்யவில்லை.

ஆர்தர் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவன். நாற்பது வயது, ஒண்டிக்கட்டை. ஒரு கலியாணத்தில் பெண் உள்ளே நடந்துவரும்போது வழக்கமான பாட்டை விட்டுவிட்டு, தானாகக் கட்டிய எதையோ வாசித்தான். எந்தக் காலை எப்போது எடுத்து வைப்பது என்று தெரியாமல் அந்தப் பெண் பாதி வழியில் நின்று அழுதுவிட்டாள். அதோடு வேலை போயிற்று. கோயிலில் கழித்துக் கட்டிய பழைய ஆர்கன் ஒன்றை வாங்கி ஏழாம் நம்பரில் போட்டுக்கொண்டு, டியூஷன் எடுத்துக் காலம் தள்ளினான்.

"ஏம்ப்பா ஆர்தர், இது உன் வேலையா?" என்று தாளை அவன் முன்னால் போட்டேன்.

அவன் தன் நோட்டைத் திறந்து என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஒன்றுதான். "எழுதினது நான்தான் எக்கா. அடிக்கச் சொன்னது நான் இல்ல."

"என்ன பாட்டுப்பா இது? தலையும் இல்ல, வாலும் இல்ல."

"பன்னெண்டு சுரமும் ஒரு தடவை வரணும். பன்னெண்டும் வந்து முடியாம ஒண்ணும் ரெண்டாந்தடவை வரக் கூடாது. எது முந்தி, எது பிந்தின்னு நாம முடிவு பண்ணலாம். பண்ணின பெறகு அந்த வரிசையை மீறக் கூடாது. அதையே கவுத்துப் போட்டு எழுதலாம், கடைசிலருந்து முன்னால எழுதலாம். அவ்வளவுதான். இதுல எந்தச் சுரமும் பெரிசில்ல எக்கா, எதுவும் சின்னதில்ல."

"ரேஷன் கடைன்னு சொல்லு." எனக்கு எரிச்சல். "பாட்டுன்னா அதுக்கு ஒரு வீடு உண்டுப்பா. எங்க சுத்தினாலும் கடைசில அந்த ஒரு சுரத்துல வந்து உக்காந்தாத்தான் காதுக்கு நிம்மதி. உன் பாட்டு எங்க வந்து உக்காருது?"

"எங்கயும் உக்காராது. வீட்டுக்கு வர முடியாதவுகளுக்கும் ஒரு பாட்டு வேணும்லா எக்கா."

கலியாணம் ஆகாதவன் பேச்சு என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

கட்டடம் பழகிக்கொண்டது. எந்தக் கொடுமைக்கும் பெண்கள் மூன்று வாரத்தில் பழகிக்கொள்கிறார்கள், ஆண்கள் அதைத் தாங்கள் செய்த ஏற்பாடு என்று நாலாவது வாரம் சொல்லிக்கொள்கிறார்கள். காலை ஆறேகாலுக்கு எல்லா அடுப்பும் எரிய வேண்டும், பகல் பன்னிரண்டுக்கு ஒரு தடவை, மாலை ஏழுக்கு ஒரு தடவை என்று செயலாளர் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார். வெளியூர் போகிறவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, தங்கள் அடுப்பில் வெறும் தண்ணீரையாவது வைத்து விசில் அடிக்கவிட வேண்டும். ஏகாதசி விரதக்காரர்கள் தாங்கள் தின்னாவிட்டாலும் குக்கரை ஏற்றினார்கள். நாங்கள் பெரிய வெள்ளிக்கிழமை உபவாசத்துக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே கவலைப்பட்டோம். மைமூனுக்கு நோன்பு வந்தால் கட்டடமே அவளோடு விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க வேண்டியதுதான் என்று முடிவாயிற்று. பிள்ளைகள் மணி பார்ப்பதை விட்டுவிட்டு, "அம்மா, ஒன்பதாம் நம்பர் ஊதியாச்சு, ஸ்கூல் வேன் வந்துரும்" என்று சொல்லப் பழகின. ஆனால் சமையலோடு சேர்ந்து சந்தேகமும் வெந்தது. யார் வீட்டில் நாலாவது விசிலுக்குக் காத்திருக்கிறார்கள், அப்படியென்றால் ஆட்டுக்கறி, செவ்வாய்க்கிழமை எதற்கு ஆட்டுக்கறி, யார் வந்திருக்கிறார்கள். யார் ஒரு விசிலோடு இறக்குகிறார்கள், வீட்டில் சண்டையா. ஒரு வீட்டுக்காரி தும்மினாலும் தெரிகிற கட்டடத்தில் இப்போது அவள் தும்மாததும் தெரிந்தது. சுவருக்குச் சுவர் காதுதான். முதல் காது என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

இருபத்தொன்பது நாள் கழித்துத்தான் செயலாளர் மனைவி சண்முகவடிவு படியில் நின்று விரலை மடக்கினாள். "ஜெசிந்தா, விசில் பன்னெண்டு. சமைக்கிற வீடு பதினொண்ணுலா?"

அவள் சொன்னது சரி. பன்னிரண்டாம் நம்பர் பூட்டிக் கிடக்கிறது. என் பக்கத்து வீடு, லீதியாளுடைய வீடு. பதினோரு வருஷம் என் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் சமைத்தவள், புருஷனோடு பஹ்ரைனுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. கழுத்து நிறைய நகை, வாடகைக் கார், கீழே நின்று எல்லாரும் கை காட்டினோம். சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தச் சாவியைத்தான், இந்த விசில் வரிசை தொடங்குவதற்குப் பத்து நாள் முன்னால் போன் பண்ணி, "ஆர்தர்ட்ட குடுத்துரு ஜெசிந்தா, அவன் பைப்பெல்லாம் பாத்துக்கிடுவான்" என்று சொன்னாள். ஏன், எனக்குப் பைப் பார்க்கத் தெரியாதா? கொடுத்துவிட்டேன். மனசில் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவது விசில் அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்துதான் வருகிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும். அது எஃப் ஷார்ப், என் குக்கரின் எஃப்புக்கு ஒட்டிய கறுப்புக் கட்டை. முடிவில் கொஞ்சம் நொண்டும். லீதியாள் ஒருமுறை வெயிட்டைக் கீழே போட்டு நசுக்கிவிட்ட நாளிலிருந்து அந்த நொண்டல். அவளுடைய குக்கரேதான். அதில் ஆர்தர் சமைக்கிறான், அவளுடைய காஸில், அவளுடைய பாத்திரத்தில் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஆதாரம் இல்லாமல் பேசுகிற பழக்கம் எனக்கில்லை என்பதால் கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

ஆதாரம் கிடைத்தது. மீன் தின்றால் உடம்பெல்லாம் தடிக்கிறவன் ஆர்தர். கோயில் அசன விருந்தில்கூட மீன் பக்கம் போகமாட்டான். அவன் வாரம் இரண்டு தடவை மீன்காரியிடம் அரைக்கிலோ சாளை வாங்கினான். பூட்டின வீட்டு ஜன்னல் இடுக்கிலிருந்து புளி கூட்டின சாளை வாசம் வந்தது. ஒரு நாள் அவன் பையிலிருந்து படியில் ஒரு அட்டை விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். கொண்டை ஊசி, ஒரு டஜன்.

"டியூஷன் பிள்ளைகளுக்கு எக்கா" என்றான். அவனிடம் படிப்பவர்கள் எல்லாம் ஆம்பளைப் பிள்ளைகள்.

சண்முகவடிவு விரலை மடக்கி முடித்தபோது, நான் சாளையையும் கொண்டை ஊசியையும் அவள் மடியில் போட்டேன். அது அன்று மாலையே செயலாளர் காதுக்குப் போயிற்று, இரவுச் சாப்பாட்டுக்குள் கட்டடம் முழுக்கப் போயிற்று.

"குடும்பங்க இருக்கற எடம்மா இது!" கோமதிநாயகம் சார் கூட்டத்தில் மேஜையைத் தட்டினார். "பூட்டின வீட்டுக்குள்ள பொம்பளைய வச்சிருக்கான். வீட்டுக்காரங்க பஹ்ரைன்ல, இவன் இங்க குடித்தனம் நடத்துதான். ஞாயித்துக்கிழமை பகல் பன்னெண்டுக்குப் பூட்ட உடைக்கோம். உள்ள யாரு இருக்கான்னு பாக்கோம். ரெண்டு பேரையும் அன்னைக்கே வெளியேத்துதோம்."

எல்லாரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஆர்தர் பின் வரிசையில் உட்கார்ந்து, தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை பகலில் நான் அரிசியை ஏற்றிவிட்டுச் சுவரோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பதினோராவதாக என்னுடையது அடித்து ஓய்ந்தது. அடுத்து அந்தப் பக்கம் அடிக்கப் போகிறது என்று காதைக் கொடுத்தபோது, அதற்கு முன்னால் வேறொரு சத்தம் கேட்டது. பாத்திர விளிம்பில் கரண்டியை இரண்டு தட்டு, டக் டக். சட்டியைக் கிண்டிவிட்டுக் கரண்டியில் ஒட்டினதை உதறுகிற தட்டு. பதினோரு வருஷம் கேட்ட தட்டு. எல்லாரும் தட்டுவார்கள், ஒரு தட்டு, மூன்று தட்டு; இரண்டாவதை முதலாவதைவிட மெதுவாகத் தட்டுகிறவள் ஒருத்திதான்.

வெங்காயத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்றேன். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தது. அந்தப் போனில் அவள் பேசும்போது பின்னால் பஸ் கண்டக்டர் விசில் கேட்டது. பஹ்ரைனிலும் கண்டக்டர் இப்படித்தான் ஊதுவான்போல என்று நான் நினைத்திருந்தேன். பிறகு ஆறாம் நம்பர் சுகிர்தா நினைவுக்கு வந்தாள். அவள் சிவகாசியில் புருஷன் வீட்டிலிருந்து ஒரேயடியாக ஒரு பெட்டியோடு திரும்பி வந்த அன்று, படியில் நானும் லீதியாளும் நின்றிருந்தோம். "என்னட்டி, பெட்டி பெருசா இருக்கே, எத்தனை நாள் லீவு?" என்று நான்தான் கேட்டேன். அந்தப் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போனாள். லீதியாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். சுகிர்தா அதற்குப் பிறகு ஒரு வருஷம் முன்படி வழியாக இறங்கவில்லை, கழிவுத் தண்ணீர்க் குழாய் ஓரமுள்ள இரும்புப் படியில்தான் போய்வந்தாள்.

நான் ஏழாம் நம்பருக்கு இறங்கிப் போனேன். ஆர்தர் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"லீதியாள்தானே?"

அவன் அடுக்குவதை நிறுத்தினான். "அவுக வந்த பெறகுதான் எக்கா அந்த வரிசை எனக்கு முடிஞ்சுது. மூணு வருஷமா எழுதுதேன், கடைசிச் சுரத்தைப் போட மட்டும் மனசு வரல்ல. மிச்சம் இருக்கறதுதான் பன்னெண்டாவது, அதத் தேட வேண்டாம். ஆனா அது இல்லாம எதுவும் மறுபடி தொடங்காது. அந்த வியாழக்கிழமை காலைலதான் அவுக மொத மொத அடுப்பப் பத்த வச்சாக. நான் எழுதிட்டேன்."

"அவ புருஷன்..." என்று தொடங்கி நிறுத்தினேன். "வெளியிலருந்து எதுக்குப் பூட்டுதே?"

"அவுகதான் பூட்டச் சொன்னாக." அவன் ஒரு சட்டையை எடுத்து மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "யாருக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்ல ஆர்தர், பதினொண்ணுக்குத் தெரியக் கூடாது, அப்படின்னு சொன்னாக. நாளைக்கு உடைச்சா மறுநாள் எங்கயாவது போயிருவேன்னும் சொன்னாக. போறதுக்கு எடம் இல்ல எக்கா அவுகளுக்கு."

நான் படியேறி வந்து, பாதியில் போட்ட வெங்காயத்தை உரித்து முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போனவர்கள் வந்தாயிற்று, எல்லா அடுப்பிலும் குக்கர் ஏறியாயிற்று, ஞாயிறு ஆனதால் பாதி வீட்டில் கறி. பன்னிரண்டாம் நம்பர் வாசலில் கட்டடமே நின்றது. பூட்டுக்காரர் சுத்தியலும் உளியுமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஆர்தர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக் கையால் மூடிக்கொண்டு, கதவில் சாய்ந்து நின்றான்.

"சாவியக் குடுத்தா உடைக்க வேண்டாம்" என்றார் செயலாளர்.

"குடுக்க மாட்டேன் சார்."

கீழே மைமூன் வீட்டுக் குக்கர் முதலாவதாக அடித்தது. ஒன்பது அடித்தது. இரண்டு அடித்தது. நாங்கள் எல்லாரும் விரல்விட்டு எண்ணினோம்; பழகிவிட்டது. ஆறாவதாகச் செயலாளர் வீடு அடித்தபோது அவர் மீசையை நீவிக்கொண்டார். பதினோராவதாக என்னுடையது, திறந்திருந்த என் வாசல் வழியாக, எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அடித்தது. பிறகு ஒன்றும் இல்லை.

கதவுக்குப் பின்னால் அடுப்பை அணைத்துவிட்டிருந்தாள்.

மூன்று மாடியிலும் பதினோரு குக்கர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. கட்டடமே விம்மிக்கொண்டு நின்றது போலிருந்தது. கறி வேகவில்லை, அரிசி வேகவில்லை. ஒரு பிள்ளை பசிக்கிறது என்று சொல்லி அடி வாங்கியது.

"பாத்தியளா, உள்ள ஆளு இருக்கு! நம்ம சத்தம் கேட்டு அமத்திட்டா!" செயலாளர் பூட்டுக்காரரைப் பார்த்தார். "உடைங்கய்யா."

பூட்டுக்காரர் உளியை வைத்தார். நான் போய்ப் பூட்டுக்கும் உளிக்கும் நடுவில் கையை வைத்தேன்.

"சார், உடைங்க. நல்லா உடைங்க. உள்ள இருக்கறவுக நாளைக்குப் போயிருவாக. வீடு காலி. அதுக்குப் பெறகு பன்னெண்டாவது விசில யாரு அடிப்பா? நீங்க வாயில ஊதுவியளா? ஊதினாலும் செல்லாது, உங்க வீட்டுக்கு ஆறாவது."

யாரோ சிரித்தார்கள். சண்முகவடிவுதான்.

"நீங்கதானம்மா சாளை, கொண்டை ஊசின்னு எல்லாம் சொன்னீங்க!" என்றார் செயலாளர்.

"நாந்தான் சொன்னேன். இப்பவும் நாந்தான் சொல்லுதேன். உங்களுக்குப் பூட்டு உடையணுமா, கறி வேகணுமா? ஆயுசுக்கும் ஓட்டல் இட்லியா? முடிவு பண்ணிச் சொல்லுங்க, எனக்கு வேலை கெடக்கு."

"எங்க வீட்ல ரெண்டு கிலோ கறி ஏத்தியிருக்கேன் அண்ணாச்சி" என்றாள் மைமூன், யாரையும் பார்க்காமல். "மாமியா வீட்டாளுக வாராக."

பூட்டுக்காரர் உளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கதவைப் பார்த்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட நாக்கு எழுந்தது. எழுந்த நாக்கைப் பல்லால் பிடித்து உட்காரவைத்தேன். பெயரைச் சொன்னால் அதுவே பூட்டை உடைத்த மாதிரிதான்.

"உள்ள இருக்கறவுக யாரா இருந்தாலும் சரி" என்றேன் கதவிடம். "பதினொண்ணு பேசுதேன். பெட்டியப் பத்தி நான் கேக்க மாட்டேன். லீவப் பத்திக் கேக்க மாட்டேன். இன்னைக்கும் கேக்க மாட்டேன், என்னைக்கும் கேக்க மாட்டேன். பன்னெண்டு வீடும் பசியில நிக்கு. அடுப்பப் பத்த வச்சிருங்க."

"என்ன பெட்டி? என்ன லீவு?" செயலாளர் குழம்பினார்.

கூட்டத்தின் பின்னால், ஆறாம் நம்பர் வாசற்படியிலிருந்து ஏறிவந்து நின்ற சுகிர்தாவுக்கு மட்டும் புரிந்தது. அவள் கண் என் முதுகில் இருந்ததை நான் திரும்பாமலே அறிந்தேன்.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு நிமிஷம் காத்திருப்பது ஒரு பல்லைப் பிடுங்குவது மாதிரி; அன்றைக்கு முப்பத்திரண்டையும் பிடுங்கக் கொடுத்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே லைட்டர் சொடுக்குகிற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்றாவதில் தீ பிடித்தது. டக் டக் என்று கரண்டித் தட்டு, இரண்டாவது மெதுவாக. அதற்கப்புறம் எஃப் ஷார்ப், முடிவில் நொண்டிக்கொண்டு.

சண்முகவடிவு வாயைத் திறந்தாள். "ஏ, இது நம்ம..."

மைமூன் அவள் கையைக் கிள்ளினாள். அந்த நொண்டல் எல்லாருக்கும் தெரிந்த நொண்டல்தான். பதினோரு வருஷம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்பதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கீழே மைமூன் வீட்டில் இரண்டாவது சுற்று தொடங்கியது, ஒன்பது, இரண்டு என்று அது படியேறி வந்தது. ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். செயலாளர் கடைசியாக நின்று பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"பூட்டு நல்ல பூட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலிருந்து வரிசை பின்னாலிருந்து முன்னால் வர ஆரம்பித்தது. ஆர்தர் அதே பன்னிரண்டையும் கடைசியிலிருந்து எழுதிவிட்டான். முதலில் பன்னிரண்டாம் நம்பர், அடுத்து நான், மைமூன் கடைசியில். செயலாளர் ஆறாவதிலிருந்து ஏழாவதுக்குப் போனார். ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. காலையில் எழுந்து அரிசியை ஏற்றிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள் அடித்தால்தான் நான் அடிக்க முடியும். சில நாள் அவள் அடுப்பைப் பற்றவைக்க எட்டு மணியாகும். சுவரைத் தட்டத் தோன்றும். தட்டவில்லை. என் வீட்டுக்காரர் பஸ்ஸைத் தவறவிட்டார். அடுத்த பஸ் இருக்கிறது.

கட்டடத்தில் பன்னிரண்டாம் நம்பரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் விசில் நின்றுபோகும் என்ற பயம்தான், அன்பு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாதச் சந்தா நோட்டீஸை அவள் கதவிடுக்கில் வழக்கம்போலச் செருகினார்கள். நான் ஒரு கிண்ணம் சாளைக் குழம்பை ஆறாம் நம்பரில் சுகிர்தாவிடம் கொடுத்தேன். எங்கள் பக்கம் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை, இரண்டு வாழைப்பழமாவது போட்டுத்தான் கொடுப்போம். சுகிர்தா கழுவித் துடைத்து, வெறுமனே அனுப்பினாள். சரிதான்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை ஆர்தர் வந்து பூட்டைக் கழற்றிக்கொண்டு போனான். அடுத்த நாள் காலை நான் மீன் வாங்கிக்கொண்டு ஏறுகிறேன், லீதியாள் குப்பை வாளியோடு இறங்குகிறாள். முன்படியில், நடுவில், நேருக்கு நேர். முடி பாதி வெளுத்திருந்தது. கொண்டையில் அந்த ஊசிகள். கழுத்தில், கையில் ஒன்றும் இல்லை. என் வாயில் கேள்விகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"சாளை வந்திருக்கு" என்றேன்.

"ஆர்தர் வாங்குத சாளை எல்லாம் முந்தின நாள் சாளை" என்றாள். "செவுளப் பிரிச்சுப் பாக்கத் தெரியல்ல அவனுக்கு."

"ஆம்பளைக்கு அது வராது."

அவள் ஒரு படி இறங்கினாள். எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"பெட்டி பெருசுதான் ஜெசிந்தா" என்றாள் படியைப் பார்த்துக்கொண்டே. "லீவு எத்தனை நாள்னு எனக்கே தெரியல்ல."

நான் அவள் கையிலிருந்து வாளியை வாங்கினேன்.

"அரிசி களைஞ்சு ஏத்தி அரை மணி நேரமாச்சு. நீ அடிச்சாத்தான் நான் அடிக்க முடியும். இதை நான் கொட்டிட்டு வாரேன், நீ மேல ஏறுட்டி."